வூஃபர் காயில் எப்படிக் கருகுகிறது?

வூஃபர் என்ற தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரில் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்தான் காயில். கருகிய காயிலுக்கு என்று ஒரு நெடி உண்டு. வார்னிஷும் பசையும் சேர்ந்து தீய்ந்த நெடி. வந்தவர் பையைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் காரிலிருந்து கழற்றிய 12 அங்குல சப்வூஃபருடன் வந்தார். "பெட்டியில் 1,000 வாட் என்று போட்டிருக்கிறது அண்ணா. என் ஆம்ப்ளிஃபையர் 300 வாட்தான். எப்படி எரியும்?"

காந்தத்தின் பின்பக்க ஒட்டுத்தாளைக் காட்டினேன். பொடி எழுத்தில் இருந்தது: ஆர்.எம்.எஸ். 250 வாட். தொடர்ந்து தாங்கக்கூடியது அவ்வளவுதான்.

கார் ஸ்டீரியோக்களில் '50 வாட் × 4' என்று அச்சிடுவார்களே, அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத அலையாகக் கொடுத்தால் 26 வாட்டைத் தாண்ட வழியில்லை. நடைமுறையில் 20 வந்தால் பெரிது. அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? வால்யூமை முழுதும் திருகி, அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்டால் 14.4 × 14.4 ÷ 4, அதாவது சுமார் 52 வாட். பாட்டாகவே கேட்காத ஓர் இரைச்சலின் அளவைத்தான் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள்!

தம்பியின் காயிலைத் தின்றதும் அந்தச் சதுர அலைதான். எல்லை மீறி முடுக்கினால் 300 வாட் ஆம்ப்ளிஃபையர் கிட்டத்தட்ட இருமடங்கு வரை தள்ளும். 1925-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் வகுத்த காயில், காந்தம், கூம்பு என்ற அமைப்புதான் இன்றும். கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் ஒலியாவதில்லை. மீதி வெப்பம். என் மேசையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயன் வெறும் 25 வாட். காயில் சூடேற ஏற மின்தடை கூடி ஒலி தணியும். கேட்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார்.

கருகாமல் நசுங்கி வரும் காயில்களும் உண்டு. அவற்றில் பல, தச்சரிடம் கண்ணளவில் செய்து வாங்கிய துளைப்பெட்டிகளின், அதாவது காற்றுப் போக துளை விட்ட ஸ்பீக்கர் பெட்டிகளின் வேலை. பெட்டி ஒத்திசையும் அதிர்வெண்ணுக்குக் கீழே இறங்கினால் கூம்பைப் பிடித்துவைக்கக் காற்று இருக்காது. காயில் காந்த இடைவெளியை விட்டுத் துள்ளி அடிபடும். ஸ்பீக்கரின் அளவுகளிலிருந்து பெட்டியைக் கணக்கிடும் வழியை தீல் என்ற பொறியாளர் 1961-இலேயே எழுதிவிட்டார், பிறகு ஸ்மால் என்ற இன்னொருவர் அதை விரித்தார். இன்னும் குத்துமதிப்புதான் நடக்கிறது.

புதுக் காயில் போட்டு ஆம்ப்ளிஃபையரிடம் போனோம். கெயின் திருகு முழுதும் திரும்பியிருந்தது; அதை இரண்டாவது வால்யூம் என்று நினைத்திருக்கிறார். ஸ்டீரியோ தரும் வோல்ட்டுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பாஸ் பூஸ்டை அணைத்து, வால்யூமை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டேன். 250 வாட், 4 ஓம். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6 வோல்ட். மல்டிமீட்டரின் ஏ.சி. வோல்ட் அதைத் தொட்டதும் கெயினை நிறுத்தினேன்.

திருகு கால்வாசிகூடத் திரும்பவில்லை. "இவ்வளவுதானா அண்ணா?" என்றார், முகம் வாடி.