சுவிட்ச்சை அணைக்கப் போகும் அப்பாக்களுக்கு

சென்ற வாரம் ஒரு அப்பா தோள்பையைத் திறந்து, கம்ப்யூட்டரின் பவர் கேபிளை எடுத்து, உளவியல் ஆலோசகரான என் மேசைமேல் வைத்தார். "இதுதான் மேடம் பிரச்சினை." பக்கத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும் மகன், தலை குனிந்தபடி. முந்தைய ஞாயிறு இரவு பத்தேகாலுக்கு அப்பா சுவிட்ச்சை அணைத்திருக்கிறார். பையன் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறான். "எந்நேரமும் கம்ப்யூட்டர் கேம்ல சுடுறது, வெடிக்கிறது. கொலைவெறி பிடிச்ச மாதிரி ஆயிட்டான்" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இரண்டு மாதத்தில் இதே கதையோடு வந்த நான்காவது குடும்பம் இது. (அடையாளம் தெரியக் கூடாது என்பதால் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாலு பேரிடமும் தனித்தனியாகப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரை.

பையனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "கரண்ட் போனப்ப நீ என்ன பண்ணிட்டு இருந்த தம்பி?"

தலை நிமிர்ந்தது. "ஃபியூஷன் ரியாக்டர் கட்டிட்டு இருந்தேன் மேடம். இன்னும் இருபது செகண்ட்ல முடிஞ்சிருக்கும்."

அவன் ஆடியது 'பியாண்ட் ஆல் ரீசன்'. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கி இலவசமாகத் தரும் ஆட்டம். ஆடுகிறவர்கள் 'பார்' என்பார்கள். எட்டுப் பேருக்கு எதிராக எட்டுப் பேர், முப்பத்தெட்டாவது நிமிடம். அணியில் அவனுக்குப் பின்வரிசை வேலை. முன்னால் நிற்பவர்கள் அடி வாங்கிக்கொண்டிருக்க, இவன் ரியாக்டர் மாதிரியானவற்றைக் கட்டி மின்சாரமும் உலோகமும் பெருக்கி அவர்களுக்கு அனுப்ப வேண்டும். "அன்னிக்கு நான் ஒரு டேங்க்கூட ஓட்டல மேடம்" என்றான். அப்பாவுக்கு ஆச்சரியம். ஒன்றரை வருடமாகப் பக்கத்து அறையில் நடப்பது என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வகை ஆட்டத்துக்கு ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி என்று பெயர், சுருக்கமாக ஆர்.டி.எஸ். 1992-இல் 'டியூன் 2' போட்ட பாதை. அதில் பெரிய அளவுப் போர் என்ற கிளையைத் தொடங்கி வைத்தது 1997-இல் வந்த 'டோட்டல் அனிஹிலேஷன்'. அதை வடிவமைத்த கிறிஸ் டெய்லரே பத்து வருடம் கழித்து, 2007-இல், 'சுப்ரீம் கமாண்டர்' கொண்டுவந்தார். அதன் மிகப் பெரிய வரைபடம் 81 கிலோமீட்டருக்கு 81 கிலோமீட்டர். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஒற்றை இயந்திரத்தின் பக்கத்திலிருந்து முழுப் போர்க்களமும் தெரிகிற உயரத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து பார்த்தால் டேங்க், விமானம், கப்பல் எல்லாம் சின்னச் சின்னக் குறிகள்.

அந்த உயரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்னை அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு இப்போது வருகிறேன். "சண்டை கேம் ஆடினால் சண்டைக்காரன் ஆவான்."

முதலில், இந்த ஆட்டங்களில் சாகிறது யார்? சுப்ரீம் கமாண்டரிலும் பாரிலும் களத்தில் இருப்பதெல்லாம் இயந்திரங்கள், அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வெறும் குறிகள். ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. உடைந்த இயந்திரம் இரும்புக் குவியலாகக் கிடக்கும், அதையும் உருக்கி உலோகமாக்கிக்கொள்ளலாம். யோசிக்காமல் அனுப்பிய படை, எதிரியின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டிய பழைய இரும்பு. ஆகவே நல்ல ஆட்டக்காரன் வெறியோடு பாய மாட்டான், கணக்குப் போடுவான். சதுரங்கத்தில் யானையை வெட்டுகிற பிள்ளையைப் பார்த்து யாராவது வனத்துறைக்குப் போன் செய்கிறோமா? பரிசு வாங்கினால் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிறோம். இது சத்தம் கொஞ்சம் அதிகமான சதுரங்கம், அதுவும் இருவரும் ஒரே நேரத்தில் காய் நகர்த்துகிற சதுரங்கம்.

இரண்டாவது, ஆய்வுகள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் நெட்டா வைன்ஸ்டீனும் 2019-இல் பிரிட்டன் பதின்ம வயதினரை ஆராய்ந்தபோது, வன்முறை ஆட்டங்களுக்கும் பிள்ளைகளின் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல், ஆட்டங்களையும் நிஜ வன்முறையையும் முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. (சின்ன அளவு கோபம், கத்தல் பற்றி அதே சங்கம் வேறு மாதிரி சொல்கிறது. எங்கள் துறையில் இதில் இன்னும் சச்சரவு உண்டு, மறைக்கவில்லை.) 2014-இல் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. ஆட்டத்தில் என்ன காட்டப்படுகிறது என்பதைவிட, ஆடுகிறவனின் திறமை தடைபடுவதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது என்று அது காட்டியது. முப்பத்தெட்டு நிமிடம் கட்டியதை இருபது செகண்ட் பாக்கி இருக்கும்போது கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆய்வை நீட்டிப் பார்க்க எனக்குக் கூச்சமில்லை. மாக்கோலம் முடிகிற நேரத்தில் ஒருவர் தண்ணீர் ஊற்றினால் அந்த அம்மா என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். பதில் வரவில்லை. கீபோர்டை உடைத்தது தவறு, அதை அவனிடம் தனியாகச் சொல்லியாயிற்று. ஆனால் அது கொலைவெறி இல்லை.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

ஒரு குடித்தனம் நடத்துகிற ருசி இருக்கிறது. டோட்டல் அனிஹிலேஷன் வழிவந்த ஆட்டங்களில் பொருளாதாரம் கையில் இருக்கும் காசு மாதிரி அல்ல, குழாயில் வரும் தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு நொடியும் உலோகமும் மின்சாரமும் வந்துகொண்டே இருக்கும், கட்டுகிற ஒவ்வொன்றும் ஒவ்வொரு நொடியும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வரவுக்கு மேல் இழுத்துவிட்டால் எல்லாத் தொழிற்சாலையும் ஒரே சமயத்தில் நொண்டும். மின்சாரம் தீர்ந்தால் ரேடார் கண்ணை மூடும். மாதக் கடைசியில் கேஸ், கல்லூரிக் கட்டணம், கல்யாண மொய் மூன்றும் ஒன்றாக வரும்போது நீங்கள் போடுகிற அதே கணக்கை அந்தப் பையன் நிமிடத்துக்கு நாற்பது தடவை போடுகிறான். எல்லாம் சரியாக ஓடும் அந்த இரண்டு மூன்று நிமிடம் இருக்கிறதே, ஆலை முழுக்கத் தன் கையால் இயங்குகிற உணர்வு, அதற்காகத்தான் அவன் உட்காருகிறான்.

எட்டு வயதில் மண்ணில் அணை கட்டி வாய்க்கால் வெட்டி விளையாடிய பையன் இவன்தான்.

அப்புறம் தோல்வி. ஆர்.டி.எஸ். ஆட்டத்தில் தோற்றால் ரீப்ளே, அதாவது நடந்த ஆட்டத்தின் பதிவு, போட்டு, எந்த நிமிடத்தில் தவறினோம் என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆறாவது நிமிடம் மின்சாரம் போதவில்லை, எட்டாவதில் ரேடார் இல்லை, பத்தில் அடி. நிஜ வாழ்க்கையில் எந்தத் தோல்வி இவ்வளவு நேர்மையாகக் காரணம் சொல்கிறது? அரியர் விழுந்த பையன்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். 2006-இல் ரிச்சர்ட் ரயானும் சகாக்களும் எழுதிய கட்டுரை ஆட்டங்களின் ஈர்ப்பை மூன்றாகப் பிரித்தது: நானே தீர்மானிக்கிறேன், எனக்குக் கைவருகிறது, என்னை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள். எங்கள் துறையில் இதைப் பழைய பாடம் என்பார்கள். பெற்றோருக்கு மட்டும் ஏனோ யாரும் சொல்லித்தரவில்லை.

எல்லோருக்கும் ஒரே காரணமும் இல்லை. என்னிடம் வந்த ஒரு வங்கி ஊழியர், முப்பத்திரண்டு வயது, 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' மட்டும்தான் ஆடுவார், அதுவும் தனியாக. 2022-இல் அதில் திராவிடர் என்ற தரப்பு சேர்ந்தது. உருமி என்ற சுருள்வாள் ஏந்திய வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் கதை. அவர் அந்தக் கப்பல்களை வரிசையாக நிறுத்தி அழகு பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். போட்டி என்றாலே அவருக்கு வயிறு கலங்கும். இவரையும் அந்தப் பையனையும் 'கேம் அடிக்ட்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடினால் இருவருக்குமே உதவ முடியாது.

இப்போது ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்புகிறேன், ரொம்பச் சிரிக்க வேண்டாம். இழுக்கிற குணம் எதுவோ, கவிழ்ப்பதும் அதுதான். ஆட்டம் நீளம், நடுவில் நிறுத்த முடியாது, விட்டுப் போனால் ஏழு பேர் திட்டுவார்கள். "இதோ முடிஞ்சிடும்" என்று சொல்லும்போது உனக்கே தெரியாது அது இருபது நிமிடமா, ஒரு மணி நேரமா என்று. தோற்றால் ரேட்டிங் இறங்கும், அதை மீட்காமல் படுத்தால் தூக்கம் வராது, இன்னொன்று ஆடுவாய், சோர்வில் அதுவும் தோற்கும். இரவு இரண்டு மணி வரைக்கும் போகிற வழி இதுதான், வேறு மர்மம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கடுமையாகச் சொல்ல மனம் வரவில்லை. வெளியே எதுவும் கைகூடாத மாதங்களில், உழைத்தால் உடனே பலன் தெரிகிற ஒரே இடமாக அந்தத் திரை ஆகிவிடும். அப்போது ஆட்டத்தைப் பிடுங்குவது ஊன்றுகோலைப் பிடுங்குவது. கால் ஏன் வலிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நோய் என்று எப்போது சொல்வோம்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போயிருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் நிற்காமல் தொடர வேண்டும். படிப்போ வேலையோ உறவோ பலமாக அடிபட்டிருக்க வேண்டும், பொதுவாக பன்னிரண்டு மாதம் இப்படி நீடித்திருக்க வேண்டும். வாரம் பதினைந்து மணி நேரம் ஆடி, எட்டு சிஜிபிஏ வாங்கி, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிற பையன் இதில் எங்கேயும் வரமாட்டான்.

இன்னொரு குழப்பம், ரம்மி. நம் ஊரில் ஆன்லைன் கேம் என்றாலே பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களின் செய்திதான் ஞாபகத்துக்கு வருகிறது, அந்தப் பயம் நியாயமானது. தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது அந்தச் சூதாட்டத்துக்காக. அது வேறு, இது வேறு. பாரில் கட்ட வேண்டிய பந்தயம் எதுவும் இல்லை. பிள்ளை ஆடுவது எது, அதில் காசு போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் வங்கிக் கணக்கைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இனி செய்ய வேண்டியவை. மணி நேரத்தால் அளக்காதீர்கள், ஆட்டத்தால் அளங்கள். "ஒரு மணி நேரம்தான்" என்றால் அது நடுவில் போய் முடியும், சண்டையும் அங்கேதான் வெடிக்கும். "இன்னிக்கு ரெண்டு மேட்ச், ஒன்பதுக்கு மேல புது மேட்ச் கிடையாது" என்று சொல்லுங்கள். ஆரம்பிப்பதைத் தடுங்கள், முடிவதற்கு விடுங்கள். சுவிட்ச்சைத் தொடாதீர்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றி விளையாடுவது உங்கள் வயதுக்கு அழகில்லை. தம்பி, நீ ஒரு தோல்விக்குப் பிறகு எழுந்து தண்ணீர் குடி, ரீப்ளே வேண்டுமானால் நாளைக்குப் பார். மணிக்கட்டு மரத்துப் போனால் அது வீரத் தழும்பு இல்லை, எலும்பு மருத்துவரிடம் போ. மறுநாள் தேர்வு என்றால் எட்டுப் பேர் அணியில் பெயர் கொடுக்காதே, இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தூக்கம் மாதக்கணக்கில் கெட்டிருந்தால், நண்பர்கள் எல்லோரும் விலகியிருந்தால், ஆட்டத்தில்கூடச் சந்தோஷம் போய் வெறுமனே உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது.

அந்த அப்பாவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். மகன் பக்கத்தில் ஒரு முழு ஆட்டம் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. நேற்று போன் செய்தார். முழு ஆட்டம் முடியவில்லையாம், அரை மணியில் தூங்கிவிட்டாராம். "ஆனா மேடம், அவன் கரண்ட்டுக்கு முன்னாடி ஃபேக்டரி கட்டிடுறான். அதுதான் தப்புன்னு எனக்கே தெரியுது" என்றார். அவர் முப்பது வருடம் மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர்.

பவர் கேபிளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள் சார். அவன் அன்று சாயங்காலமே கடையில் வேறு வாங்கிவிட்டானாம். இது டிராயரில் இருக்கிறது, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.