நாட்பட்ட நுரையீரல் நோய்: அரசு உதவிக்கான வழி நோயாளி பார்த்த வேலையில் இருக்கிறது

கோவை, திருப்பூர் வட்டாரத்துப் பஞ்சாலைகளிலும் ஃபவுண்டரிகளிலும் பல்லாண்டு உழைத்து, ஐம்பது வயதை ஒட்டி மூச்சிரைப்போடு நெஞ்சக மருத்துவரிடம் வருகிறவர்களின் குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி, "இவருக்கு ஊனச் சான்று வாங்க முடியுமா டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி அது. நூறு மீட்டர் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர் ஷிப்ட் வேலைக்குத் திரும்பப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைக் குறைபாடுகளில் நாட்பட்ட நுரையீரல் நோய் இல்லை. ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய இரத்த நோய்களைச் சேர்த்துக்கொண்ட அந்தச் சட்டம், ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்குள் முடங்கிப்போனவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இது திருத்தப்பட வேண்டிய விடுபடல் என்பதே என் உறுதியான கருத்து. அது திருத்தப்படும் வரை, சிஓபிடி (மூச்சுக்குழல் அடைப்போடு கூடிய நாட்பட்ட நுரையீரல் நோய்) என்று எழுதிய சீட்டோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலைவது பெரும்பாலும் வீண் அலைச்சலாகவே முடிகிறது. வருத்தம் என்னவென்றால், அங்கே திருப்பி அனுப்பப்பட்டதும், இனி எதுவும் கிடைக்காது என்று குடும்பம் முடிவு செய்துவிடுகிறது. நோயாளி இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) அட்டை வைத்திருப்பவராக இருந்தால், விண்ணப்பிக்க வேண்டிய இடம் வேறு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிலாளியிடம் 0.75 விழுக்காடும் முதலாளியிடம் 3.25 விழுக்காடும் சந்தாவாகப் பெறும் இ.எஸ்.ஐ. திட்டத்தில், நோய்க்கால உதவித்தொகை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். அது தீர்ந்த பிறகும், குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூச்சுக்குழல் விரிவு நோயும், நுரையீரல் திசு தடிக்கும் ஐ.எல்.டி. வகை நோய்களும், இதயத்தையும் பாதித்துவிட்ட சிஓபிடியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடைசியில் சொன்னதில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும்: வெறும் சிஓபிடி போதாது, இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருப்பது எக்கோ என்ற இதய ஸ்கேன் பரிசோதனையோடு சான்றில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் அறிகுறியாக இருக்கக்கூடிய கால் வீக்கத்தோடு வருகிற நோயாளிக்கு எக்கோ எடுக்காமல் நீர் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், அவர் பெறக்கூடிய உதவித்தொகைக்கான ஆதாரமும் அங்கேயே விடுபட்டுப்போகிறது.

இதைவிட முக்கியமானது தொழில்நோய் என்ற பிரிவு. சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ், அதோடு சேர்ந்து வரும் காசநோய், ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் ஆஸ்பெஸ்டோசிஸ், கரும்புச் சக்கையால் வரும் பகாசோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், வேலையிடத்துப் பொருள்களால் வரும் ஆஸ்துமா ஆகியவை தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் இரண்டின் மூன்றாம் அட்டவணையிலும் தொழில்நோய்களாகவே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டாலும், அந்தப் பட்டியல் தொடர்கிறது. குறிப்பிட்ட வேலையில் குறிப்பிட்ட காலம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை, அது வேலையால் வந்த பாதிப்பாகவே கருதப்படும். இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு நிரந்தர ஊன உதவித்தொகை ஆயுள் முழுவதும் கிடைக்கும். சம்பளத்தின் 90 விழுக்காட்டை, இழந்த உழைப்புத்திறனின் அளவோடு பெருக்கி அது கணக்கிடப்படுகிறது. உழைப்புத்திறன் 40 விழுக்காடு குறைந்துவிட்டதாக மருத்துவ வாரியம் முடிவு செய்தால், சம்பளத்தில் 36 விழுக்காடு.

அப்படியானால் இவ்வளவு பேர் ஏன் பெறாமல் போகிறார்கள்? என் அனுபவத்தில், காரணம் பெரும்பாலும் மருத்துவக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங் பிரிவில் முப்பது ஆண்டு நின்றவரின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில், தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று இருக்கும். நோய் என்ற இடத்தில் "சிஓபிடி, பீடிப் பழக்கம்" என்று இருக்கும். அந்த இரண்டு வரிகளைப் படிக்கிற எந்த வாரியமும் பஞ்சுத் தூசியைப் பற்றி யோசிக்கப் போவதில்லை. பீடி பிடித்தவருக்குத் தொழில்நோய் வராது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; இரண்டும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும் என்பதே மருத்துவ உண்மை.

பிசினோசிஸைப் பொறுத்தவரை நோயாளியின் வாய்மொழிதான் முதல் ஆதாரம். "லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தானுங்க நெஞ்சு கட்டிக்கும், அடுத்த நாள் தேவலைங்க" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், வார விடுமுறைக்குப் பின் வரும் முதல் ஷிப்டில் நெஞ்சு இறுகும் அந்த நோயின் தனி அடையாளம். ஆண்டுகள் போகப் போக அந்த வேறுபாடு மறைந்து, எல்லா நாளும் இரைப்பு என்றாகிவிடும். அப்போது ஊதுகிற பரிசோதனையில் (ஸ்பைரோமெட்ரி) அதைச் சாதாரண சிஓபிடியிலிருந்து பிரித்தறிய முடியாது. எக்ஸ்ரேயிலும் அதற்கென்று தனி அடையாளம் எதுவும் தெரியாது; எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதாலேயே கோரிக்கையை மறுப்பது தவறு. ஆகவே வேலை பார்த்த பிரிவு பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமா, கார்டிங்கா, நூல் நூற்கும் ஸ்பின்னிங்கா, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, தொடக்கத்தில் எந்த நாளில் இறுக்கம் வந்தது என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லி, குறிப்பேட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இன்னும் வேலையில் இருப்பவருக்கு, விடுமுறைக்கு அடுத்த நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி எடுத்து ஒப்பிட்டால் அது வலுவான சான்றாகும். சிலிக்கோசிஸில் நிலைமை நேர்மாறு: அங்கே எக்ஸ்ரேயே பேசும். ஆனால் கல் குவாரியிலும், சிற்பக் கூடங்களிலும், ஃபவுண்டரியில் வார்ப்பில் ஒட்டிய மணலைத் தட்டி எடுக்கும் ஃபெட்லிங் பிரிவிலும் இருந்தவருக்குச் சளியில் கிருமி இல்லாதபோதும் திரும்பத் திரும்பக் காசநோய் மாத்திரை கொடுக்கப்படுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊதுகிற பரிசோதனையைப் பற்றி ஒன்று. இருமல் வந்து பாதியில் நின்றுபோன ஊதலை வைத்து "ஒத்துழைப்புப் போதவில்லை" என்று அறிக்கை தந்தால், வாரியத்தின் முன் அது நோயாளிக்கு எதிராகவே வாசிக்கப்படும். சற்று ஓய்வு கொடுத்து, ஒன்றோடொன்று ஒத்துவரும் மூன்று ஊதல்கள் கிடைக்கும் வரை மறுபடி செய்யச் சொல்வது உங்கள் உரிமை. சான்றிதழில் எண்களோடு, சமதளத்தில் எவ்வளவு தூரம் நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது, ஆறு நிமிட நடையில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு இறங்குகிறது, எந்த வேலையை இனிச் செய்ய முடியாது என்பதும் இருக்க வேண்டும். "சிகிச்சையில் உள்ளார்" என்ற சான்றை வைத்துக்கொண்டு உழைப்புத்திறன் இழப்பை யாராலும் கணக்கிட முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள், இழப்பீட்டுக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்திருந்தாலும் பட்டியலின் இந்தத் தூசி நோய்களுக்குப் பொறுப்பை அவர்களிடையே பகிர்ந்தளிக்க வழி இருக்கிறது. வேலையை விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தென்பட்டிருக்க வேண்டும் என்ற வரையறை இருப்பதால், மூச்சிரைப்புக்காக முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த சீட்டு, எவ்வளவு கசங்கியதாக இருந்தாலும், தூக்கிப் போடக் கூடாத ஆவணம்.

மில் மூடப்பட்டுவிட்டது, வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இல்லை என்று பலர் சொல்கிறார்கள். பழைய பி.எஃப். சீட்டில் நிறுவனத்தின் எண்ணும் உறுப்பினர் எண்ணும் இருக்கும், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் காப்பீட்டு எண்ணைக் கொண்டு சந்தா விவரங்களைக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்டுப் பெறலாம். அதே பிரிவில் வேலை பார்த்த தோழர்களின் வாக்குமூலத்தையும் இணையுங்கள். வாரியத்தின் முன் போகும் நாளில், மூச்சு எளிதாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று பயந்து இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் போவது ஆபத்தானது. வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு, அந்த மருந்துப் பட்டியலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கான காலக்கெடு அந்தக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது.