திரையில் பூஜ்ஜியம் காட்டினால் போதுமா?

குத்தாலம், நரிமணம் பக்கத்து எரிவாயு நிலையங்களிலும் நாகப்பட்டினம், காரைக்கால் ஐஸ் பிளான்ட்களிலும் வாயுக் கசிவு சென்சார்களைச் சரிபார்ப்பது என் தொழில். போகும் இடமெல்லாம் "எல்லாம் ஜீரோவில்தான் இருக்கிறது சார்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஜீரோ மீதுதான் சந்தேகம்.

மீத்தேனுக்குப் பரவலாகப் பொருத்தப்படும் வினையூக்கி வகை சென்சார், உள்ளே இருக்கும், பாசிமணி போன்ற சின்னஞ்சிறு மணியின் மேல் வாயுவை எரித்து, அந்தச் சூட்டை அளக்கிறது. சிலிக்கோன் ஆவி பட்டால் மணி செயலிழந்துவிடும். அதன் பிறகும் காட்டுவது அதே ஜீரோதான். ஒயர் அறுந்தால் பேனலில் ஃபால்ட் விளக்கு எரியும். மணி செத்தால் எதுவும் எரியாது. பக்கத்தில் யாரோ ஜன்னல் இடுக்கை சிலிக்கோன் பசையால் அடைத்திருப்பார், அவ்வளவுதான். மூக்கையும் நம்ப முடியாது. வீட்டு சிலிண்டரில் வாடைக்காக மெர்காப்டன் சேர்க்கிறார்கள். கிணற்றிலிருந்து வரும் வாயுவில் அதைச் சேர்ப்பதில்லை.

நம் பகுதிக்கென்று சில தொல்லைகளும் உண்டு. கரையோரத்தில் உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, அறுவடை நாட்களில் வைக்கோல் தூசி. சென்சாரின் மழைக்கவசத்துக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். சென்சார் நன்றாகவே இருக்கும், வாயுதான் அதனிடம் போய்ச் சேராது. ஆகவே காலிபரேஷனின்போது, அதாவது அளவு தெரிந்த சோதனை வாயுவைக் கொடுத்துச் சரிபார்க்கும்போது, திரையில் வரும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அந்த எண்ணைத் தொட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. திருத்துவதற்கு முன் சென்சார் காட்டிய அளவைப் பதிவேட்டில் எழுதுங்கள். மீத்தேன் காற்றில் சுமார் 5 சதவீதம் கலந்தால் தீப்பிடிக்கக்கூடிய நிலை. அந்த நிலையைத்தான் திரை 100 என்று காட்டும். அதில் பாதி, அதாவது 2.5 சதவீதம் மீத்தேன் கலந்த சிலிண்டரைக் கொடுத்தால் திரை 50 காட்ட வேண்டும். 32 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-இல் அலற வேண்டிய அலாரம், உண்மையில் 31-ஐத் தாண்டிய பிறகே அலறியிருக்கும். பலர் உடனே 50-க்குத் திருப்பிவிட்டு "சரி" என்று எழுதிவிடுகிறார்கள். 32 என்று எழுதியிருந்தால்தான், ஆறு மாதச் சரிபார்ப்பு இடைவெளி அந்த இடத்துக்கு ஒத்துவராது, மூன்று மாதமோ அதற்கும் குறைவாகவோ ஆக்க வேண்டும் என்பது தெரியவரும்.

ஐஸ் பிளான்ட்களில் வேறு சிக்கல். அம்மோனியாவுக்கு மின்வேதியியல் சென்சார். உள்ளிருக்கும் வேதிப்பொருள் மெல்ல மெல்லத் தீரும். கம்ப்ரசர் அறையில் எப்போதும் கொஞ்சம் வாடை இருந்தால் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அந்த வாடைக்குள் நின்றபடி ஜீரோ பொத்தானை அழுத்துவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. அம்மோனியா கலந்த காற்றே சுத்தமான காற்று என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சுத்தக் காற்று சிலிண்டரைச் சென்சாருக்குக் கொடுத்துத்தான் ஜீரோ வைக்க வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசானது என்பதால் சென்சார் கூரையோரம் இருக்கும். ஏணி போட்டு ஏறச் சோம்பி அதை விட்டுவிடுகிறார்கள்.

சோதனை வாயு சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வினையூக்கி சென்சாருக்கு நைட்ரஜனில் கலந்த வாயு உதவாது, எரிய ஆக்சிஜன் வேண்டும். வேலை தொடங்கும்போது அலாரம் அலறாமல் இருக்கப் போட்ட பைபாஸை, முடிந்ததும் எடுத்தாயிற்றா என்று இன்னொருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திடட்டும்.