இங்கிலாந்தில் கோயில் கல்யாணம்: தாலி ஏறியும் சட்டப்படி மணமாகாமல் போவது எப்படி?

லண்டன் கோயிலொன்றில் ஐயர் மந்திரம் சொல்லி, அக்கினியை வலம் வந்து, சொந்தபந்தம் எல்லாம் பார்க்கத் தாலி கட்டினாலும், அது மட்டும் இங்கிலாந்துச் சட்டப்படி திருமணம் ஆகாது. பிரியும்போதோ, துணை திடீரென்று இறக்கும்போதோதான் பலருக்கு இது தெரியவருகிறது. வீடும் வங்கிக் கணக்கும் கணவன் பெயரில் இருக்கும் குடும்பங்களில் அடி முழுக்கப் பெண்ணின் மேல் விழுகிறது.

இதன் வேர் அரசர்கள் காலத்தில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி 1534இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் செய்தார். இரண்டாம் ஜார்ஜ் காலத்தில், 1753இல் வந்த சட்டம், அந்தத் திருச்சபையில் நடக்காத திருமணம் செல்லாது என்றது. யூதர்களுக்கும் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினருக்கும் மட்டும் விலக்கு. கத்தோலிக்கர்கூட அந்த ஆங்கிலிக்கத் திருச்சபையின் பாதிரியாரிடம்தான் போக வேண்டியிருந்தது. நான்காம் வில்லியம் காலத்து 1836ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு அலுவலகத்துக்கும் மற்ற மதத்தாரின் வழிபாட்டுக் கட்டடங்களுக்கும் கதவைத் திறந்தது. இன்று நடைமுறையில் உள்ள 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதே அச்சில் வார்த்ததுதான். சடங்கு என்ன என்று அது கேட்பதில்லை. எந்தக் கட்டடம், முன்னறிவிப்பு கொடுத்தாயா என்றுதான் கேட்கும். இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள் என்றால், அரசரின் திருச்சபையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பெயரை வாசித்தால் போதும். பதிவு அலுவலகத்தின் படியே ஏற வேண்டாம். கோயிலில் மணம் முடிப்பவருக்குத்தான் கீழே உள்ள அலைச்சல் எல்லாம்.

முதல் பொறி, "எங்கட கோயில் பதிவு செய்த கோயில்தானே" என்ற பதில். எந்தப் பதிவு? அறக்கட்டளைப் பதிவு ஒன்று. வழிபாட்டு இடம் என்று 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி பெறும் சான்று இன்னொன்று. திருமணம் நடத்துவதற்கான பதிவு மூன்றாவது. அதற்குத் தனி விண்ணப்பம், இருபது குடும்பத்தலைவர்களின் கையொப்பம் எல்லாம் வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாத கோயிலில் கட்டும் தாலிக்குச் சட்ட மதிப்பில்லை. திருமணத்துக்குப் பதிவான வழிபாட்டு இடங்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அதில் உங்கள் கோயிலின் பெயரையும் முகவரியையும் தேடுங்கள்.

பெயர் இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பதிவானது அந்தக் கட்டடம். வளாகத்தில் போட்ட கூடாரமும் தெருவுக்கு எதிரே இருக்கும் மண்டபமும் அதில் சேராது. அடுத்து, கோயிலில் திருமணம் நடத்த அனுமதி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஐயர் என்பதாலேயே அவருக்கு அந்த அதிகாரம் வந்துவிடாது. அப்படி ஒருவர் இல்லையென்றால் கவுன்சிலிலிருந்து பதிவாளரை நீங்களே பணம் கட்டி அழைத்துவர வேண்டும். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டு, பிறகு பதிவாளரைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கோடைச் சனிக்கிழமைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். காலை 8 முதல் மாலை 6 மணிக்குள் என்ற பழைய கட்டுப்பாடு 2012இல் நீங்கியது உண்மைதான். அதற்காக அதிகாலை ஐந்து மணி முகூர்த்தத்துக்குப் பதிவாளர் வந்து நிற்பார் என்று எண்ணாதீர்கள்.

அடுத்தது முன்னறிவிப்பு. எல்லாரும் 'நோட்டீஸ்' என்பது இதைத்தான். மணமக்கள் இருவரும் தாங்கள் வசிக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். பெற்றோர் போனால் நடக்காது. அந்தப் பகுதியில் அதற்கு முன் முழுதாக ஏழு நாள் வசித்திருக்க வேண்டும். கொடுத்தபின் இடையில் 28 நாள் போக வேண்டும்: ஜூன் 1 கொடுத்தால் ஜூன் 30க்கு முன் மணமில்லை. நோட்டீஸ் ஓராண்டு செல்லும். ஆனால் எந்தக் கட்டடத்தில் மணம் என்பதையும் அதிலேயே எழுதுவதால், கோயிலை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. இதைக் கவுன்டரில் இருப்பவர் தானாகச் சொல்லமாட்டார்.

திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் காகிதத்தால். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முதலில், வங்கிக் கடிதத்தில் பெயரின் முதலெழுத்து மட்டும், விசாவில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் அதற்கான விளக்கத்தையும் ஆதாரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். முன்பே மணமானவர் விவாகரத்து இறுதி ஆணையையோ, துணையின் இறப்புச் சான்றையோ காட்ட வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ பெற்ற விவாகரத்து என்றால் மொழிபெயர்ப்பும், அதைச் சரிபார்க்கக் கூடுதல் நாளும் பிடிக்கும்.

இருவரில் ஒருவர் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமகன் இல்லையென்றால் சேர்ந்தே போக வேண்டியிருக்கும். இதில் ஐரோப்பியக் குடியேற்றத் திட்டத்தில் தகுதி பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. விவரம் உள்துறைக்குப் போனால் 28 நாள் 70 நாளாகலாம். ஆறு மாத வருங்காலத் துணை விசாவில் வந்தவருக்கு இது பெரிய இழப்பு. வந்து சேர்ந்த வாரமே நோட்டீசுக்கு நேரம் கேளுங்கள். சாதாரணச் சுற்றுலா விசாவில் வந்தவர் மணமும் முடிக்க முடியாது, நோட்டீசும் கொடுக்க முடியாது. மணம் முடித்துத் திரும்பிப் போவதற்கென்றே தனி விசா உண்டு.

மண நாளில் சட்டத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான்: திறந்த கதவு, இரண்டு சாட்சி, பதிவாளர் அல்லது அனுமதி பெற்றவர், தடை ஏதுமில்லை என்றும் இன்னாரைத் துணையாக ஏற்கிறேன் என்றும் இருவரும் வாயால் சொல்லும் வாசகங்கள். நாதஸ்வரச் சத்தத்தில் இதை விட்டுவிடக் கூடாது. பிறகு 'திருமண அட்டவணை' என்ற தாளில் கையொப்பம். 2021 மே முதல் பழைய பதிவேட்டுப் புத்தகம் இல்லை. கையொப்பமிட்ட அந்தத் தாள் 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கணினியில் ஏற வேண்டும். பதிவாளர் வந்திருந்தால் அவரே கொண்டுபோவார். கோயில்காரர் பொறுப்பில் இருந்தால் இரண்டாம் வாரமே கேட்டுவிடுங்கள். சான்றிதழுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.

மண்டபத்தில் பதிவாளரை வைத்து முடிக்கலாமே என்பார்கள். முடிக்கலாம், ஆனால் அந்த மண்டபத்துக்குக் கவுன்சில் அனுமதி இருக்க வேண்டும். சட்டச் சடங்கில் மதம் கலக்கவே கூடாது. மந்திரம், தேவாரம், தாலி எல்லாம் அதற்கு முன்போ பின்போ தனியாகத்தான். பலருக்கு லேசான வழி, ஒரு வார நாளில் பதிவு அலுவலகத்தில் எழுத்தை, அதாவது சட்டப் பதிவை, முடித்துவிட்டு, கோயிலில் பிடித்த முகூர்த்தத்தில் தாலி கட்டுவது.

ஊரில் முடித்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் இந்து முறைப்படி சரியாக நடந்த மணம் அங்கே செல்லும், ஆகவே இங்கேயும் செல்லும். அதை மறைத்து "மணமாகாதவர்" என்று இங்கே நோட்டீஸ் கொடுப்பது பொய்யுறுதி, குற்றம். அங்கே பதிவுச் சான்று வாங்குவதுதான் வழி.

இங்கே கோயிலில் மட்டும் முடித்து வாழ்பவர்களுக்கு: இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தால் தானாக மனைவி ஆகிவிடலாம் என்ற பேச்சு வெறும் பேச்சு. இப்படிச் சட்டத்துக்கு வெளியே நடந்த சடங்கைச் 'செல்லாத திருமணம்' என்றுகூடச் சொல்ல முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. செல்லாத திருமணம் என்றாலாவது சொத்தில் பங்கு கேட்டு வழக்காடலாம். இதில் அந்த வழியும் இல்லை. உயில் இல்லாமல் கணவர் இறந்தால், பிள்ளைகள் உள்ள சட்டப்படியான மனைவிக்கு முதல் 3,22,000 பவுண்டும் மிச்சத்தில் பாதியும் வரும். பதிவில்லாதவருக்குத் தானாக எதுவும் வராது. இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டி நீதிமன்றம் ஏறிக் கேட்க வேண்டும். பிள்ளையின் பிறப்பைப் பதியும்போதும் அப்பா கூடப் போகாவிட்டால் அவர் பெயரைச் சேர்ப்பது சிக்கல்.

ஆகவே இன்றே நோட்டீசுக்கு நேரம் வாங்குங்கள். பதிவு நாளிலிருந்துதான் மணம் கணக்கு; போன வருடங்கள் சேராது. கட்டடத்தை விட்டு, மணம் நடத்துபவரை வைத்துச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று சட்ட ஆணையம் 2022இல் பரிந்துரைத்திருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இடைக்காலப் பாதுகாப்புக்கு உயில் எழுதுபவர்கள், இன்னாரை மணக்கப்போவதை எண்ணியே எழுதுகிறேன், அந்த மணத்தால் இது ரத்தாகக் கூடாது என்று உயிலிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, பதிவுத் திருமணம் முடிந்த உடனே அந்த உயில் ரத்தாகிவிடும்.