கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்: தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்க கன்ட்ரி பாடகி பாட்சி க்ளைனின் இசைத்தட்டு ஒன்று 1967இல் டெக்கா நிறுவனத்திலிருந்து வந்தது. பெயர், 'பாட்சி க்ளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. பன்னிரண்டு பாட்டு. அவர் விமான விபத்தில் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறக்கும்போது வயது 30. இந்தத் தலைப்பைத் தமிழில் 'மிகச்சிறந்த பாடல்கள்' என்று எழுதிவிடுகிறோம். அந்தச் 'சிறந்த'தான் உறுத்துகிறது.

'ஹிட்' தரத்தைச் சொல்லும் சொல் அல்ல. பழைய நோர்ஸ் மொழியில் 'ஹிட்டா' என்றால் எதிர்ப்படுதல், கண்டடைதல். ஆங்கிலத்துக்குள் வந்ததும் அது அடித்தல், குறியில் படுதல் என்றானது. மக்களிடம் எடுபட்ட நாடகத்தையோ பாட்டையோ 'ஹிட்' என்று குறிப்பது 19ஆம் நூற்றாண்டு வழக்கம். ஆக, பாட்டு நல்லதா கெட்டதா என்ற பேச்சே இதில் இல்லை. போய்ப் பட்டதா இல்லையா என்பதுதான் கணக்கு. தமிழிலும் இதே கற்பனை இருக்கிறது. அம்பு படுகிறது, கண் படுகிறது, பாட்டு எடுபடுகிறது. 'எடுபட்ட பாட்டு' என்பதே ஹிட்டுக்கு மிக நெருங்கிய தமிழ் என்பேன். ஆனால் தலைப்பில் வைத்தால் கொஞ்சம் அசடு வழியும். 'வெற்றிப்பாடல்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதுவே போதும்.

'கிரேட்டஸ்ட்' முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது வியாபாரத்தால். 1958இல் கொலம்பியா நிறுவனம் ஜானி மாத்திஸ் என்ற பாடகரின் வெற்றிப்பாடல்களைச் சேர்த்து 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று ஒரு எல்.பி. (பல பாட்டுகள் அடங்கும் பெரிய இசைத்தட்டு) வெளியிட்டது. இந்த வகைக்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். அதுவரை தனித்தனிச் சிறு தட்டுகளாக விற்ற பாட்டுகள்; புதிதாக ஒலிப்பதிவுச் செலவு எதுவும் இல்லை. பிறகு எந்த நிறுவனம் சும்மா இருக்கும்?

பாட்சியின் தட்டுக்குத் திரும்பினால், 'ஹிட்ஸ்' என்ற சொல் எவ்வளவு தளர்ந்தது என்பது தெரியும். அன்றைய சிறு தட்டில் இரண்டு பக்கம். முன்பக்கப் பாட்டைத்தான் வானொலிக்குத் தள்ளுவார்கள். பின்பக்கம் பெரும்பாலும் இட்டு நிரப்பியது. இந்தப் பன்னிரண்டில் நான்கு பின்பக்கப் பாட்டுகள். 1962இல் வந்த ஒரு சிறு தட்டின் முன்பக்கம் 'ஹார்ட்ஏக்ஸ்', பின்பக்கம் 'ஒய் கான்ட் ஹீ பீ யூ'. தொகுத்தவர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டு பின்பக்கத்தை எடுத்திருக்கிறார்கள்! 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' 1957இல் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு. ஆனால் இந்தத் தட்டில் ஒலிப்பது அந்தப் பதிவு இல்லை, 1961இல் மறுபடி பாடியது. பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் கன்ட்ரி தரவரிசைப் பட்டியலில் உண்மையாகவே முதலிடம் பிடித்தவை 'ஐ ஃபால் டு பீசஸ்', 'ஷீஸ் காட் யூ' இரண்டும்தான். வில்லி நெல்சன் எழுதிய 'க்ரேஸி'கூட அங்கே இரண்டாமிடம்தான். அதைப் பாட்சியின் பெயரோடு சேர்க்காமல் இன்று யாரும் சொல்வதில்லை என்பது வேறு கதை.

நம் கேசட் காலமும் இந்தச் சொல்லை அதன் போக்கில் இழுத்துக்கொண்டது. 'கிரேட்டஸ்ட்' உதிர்ந்து, 'எஸ்.பி.பி. ஹிட்ஸ்', 'ஜானகி ஹிட்ஸ்' என்று அட்டையில் நின்றது. பிறகு 'சோக ஹிட்ஸ்', 'மழை ஹிட்ஸ்' என்றெல்லாம் வந்தபோது 'ஹிட்ஸ்' என்றாலே தொகுப்பு என்று பொருள் மாறிவிட்டது. மழையில் எது வெற்றி பெற்றது என்று யாரும் கேட்கவில்லை.

தொகுப்புக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை: தொகை, திரட்டு, கோவை. கோவை தனிச் சிற்றிலக்கிய வகையாகிவிட்டது. 'தொகை' என்றதும் எட்டுத்தொகைதான் நினைவுக்கு வரும். பெரும்பாலும் பல புலவர் பாட்டு. 'ஆல்பம்' என்பதற்கு இசைத்தொகுப்பு என்று ஏற்கெனவே சொல்லிவருவதால், அதையே இங்கும் போட்டால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'திரட்டு'. முன்பே வெளிவந்தவற்றிலிருந்து பொறுக்கிச் சேர்ப்பது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. புறத்திரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களிலிருந்து பாட்டுகளை எடுத்துச் சேர்த்தது. தகடூர் யாத்திரை முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை; இன்று கையில் இருக்கும் அதன் பாட்டுகளில் பலவற்றைக் காப்பாற்றியது இந்தத் திரட்டு.

பாட்சி உயிரோடிருந்தபோது வெளிவந்த எல்.பி.க்கள் மூன்றே மூன்று: 1957, 1961, 1962. அவற்றைத் தேடிக் கேட்பவர்கள் குறைவு. 1967இன் திரட்டோ அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி வைரச் சான்று பெற்றது.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது, 'கன்ட்ரி'. இதை 'நாட்டுப்புற இசை' என்று எழுதுவதைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாது. கன்ட்ரி பாட்டுக்கு எழுதியவர் உண்டு, காப்புரிமை உண்டு, அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் அதற்கென்று ஒரு தொழிலே உண்டு. குழப்பம் அங்கேயும் இருந்ததுதான்: பில்போர்டு இதழ் தன் கன்ட்ரி பட்டியலுக்கு முதலில் 'ஃபோக்' என்றே பெயர் வைத்திருந்தது, 1949இல்தான் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றியது. அவர்களே விட்டுவிட்ட பெயரை நாம் மொழிபெயர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஜாஸ், ராக் போல 'கன்ட்ரி இசை' என்று அப்படியே எழுதலாம்.

நான் எழுதினால் 'பாட்சி க்ளைன் வெற்றிப்பாடல் திரட்டு, 1967' என்று எழுதுவேன். பின்பக்கப் பாட்டு நான்கையும் என்ன செய்வது என்று கேட்டால், டெக்காகாரர்களைத்தான் கேட்க வேண்டும்.