லீனியர் வாங்குவதற்கு முன்

"எல்லோர் குரலும் எனக்கு நன்றாகக் கேட்கிறது. என் குரல்தான் யாருக்கும் போய்ச் சேரவில்லை."

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்து ஹாம் வானொலி (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசும்) நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. அடுத்த வரியும் அநேகமாக மாறுவதில்லை: "ஒரு லீனியர் வாங்கிவிடலாமா?" லீனியர் என்பது அனுப்பும் ஆற்றலைக் கூட்டித் தரும் பெருக்கிப் பெட்டி. டிரான்ஸ்மிட்டர் பழுது பார்ப்பதும் ஆண்டெனா கட்டிக் கொடுப்பதும் என் தொழில். லீனியர் விற்பதில் எனக்கு லாபம் உண்டு. ஆனாலும் நான் முதலில் கேட்பது, ரிக்கிலிருந்து, அதாவது பேசும் வானொலிக் கருவியிலிருந்து, ஆண்டெனா வரை கேபிள் எத்தனை மீட்டர் என்பதைத்தான்.

அந்தப் புகாரிலேயே நோயின் அடையாளம் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசைகளில் வளிமண்டல இரைச்சல் மிக அதிகம். கேபிள் பாதி ஆற்றலை விழுங்கினால் வருகிற குரலும் குறையும், இரைச்சலும் அதே அளவு குறையும். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் மாறாது. ஆகவே கேட்பதில் குறை தெரியாது. அனுப்பும்போது மட்டும் அந்த இழப்பு முழுவதையும் எதிர்முனையில் இருப்பவர் உணர்கிறார். "நன்றாகக் கேட்கிறதே, அப்படியானால் ஆண்டெனா சரியாகத்தான் இருக்கிறது" என்ற முடிவுக்கு நண்பர்கள் வருவது இதனால்தான்.

செட்டிநாட்டில் இது கூடுதலாகத் தலைதூக்குவதற்கு வீடுகளின் நீளம் காரணம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்; நடுவே வளவு எனும் முற்றப் பகுதி, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. ரிக் முகப்பு அறையில் இருக்கும். பனையோ தென்னையோ நிற்பதும், கம்பம் நட இடமிருப்பதும் கொல்லைப்புறத்தில். ஓடு உடையக் கூடாது, சுண்ணாம்புச் சுவரில் துளை போடக் கூடாது, வளவின் அழகு கெடக் கூடாது என்று சுற்றிச் சுற்றிக் கொண்டுபோகும் கேபிள் 50, 60 மீட்டரைச் சர்வசாதாரணமாகத் தொட்டுவிடும். அதுவும் பெரும்பாலும் கையில் கிடைத்த ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸியல் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் கம்பி உள்ளது).

கணக்கைப் பார்ப்போம். 55 மீட்டர் புதிய ஆர்ஜி-58, 28 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4.5 டெசிபெல் இழக்கிறது (3 டெசிபெல் இழப்பு என்றால் ஆற்றல் பாதியாகிறது). ரிக் தரும் 100 வாட்டில் ஆண்டெனாவுக்குப் போவது 35 வாட். அதே கேபிளில் 145 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது 4 வாட் அளவுதான். தடித்த ஆர்ஜி-213 போட்டால் அந்த 4 வாட் 16 ஆகும். எல்எம்ஆர்-400 வகையில் 27 வரை போகும். 7 மெகாஹெர்ட்ஸில் நிலைமை இவ்வளவு மோசமில்லை, ஆர்ஜி-58 கூட 60 வாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். இவையெல்லாம் புதிய கேபிளின் எண்கள். நான்கு சித்திரை வெயிலும் நான்கு ஐப்பசி மழையும் பார்த்த கேபிளுக்கு இவற்றை நம்ப வேண்டாம்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். லீனியருக்கு முன்பணமே கட்டிவிட்டார். "எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-ஐத் தாண்டவே தாண்டாது தம்பி, ஆண்டெனாவைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். ஆண்டெனா பக்கமிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் ஏற ஏறத் திரும்புவது அதிகம். மொட்டைமாடிக்குப் போய், டைபோல் என்ற, இருபுறமும் நீளும் கம்பி ஆண்டெனாவின் நடுவில் இருந்த கனெக்டரைக் கழற்றித் தொங்கவிட்டேன். ஆண்டெனாவே இல்லாத அந்தக் கேபிளில், கீழே மீட்டர் காட்டியது இரண்டுக்கும் குறைவு. அவர் திகைத்துப்போய், "மீட்டர் பழுதா?" என்று கேட்டார்.

மீட்டர் பழுதில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டருக்குத் தெரிவது போகிற ஆற்றலும் திரும்பி வருகிற ஆற்றலும் மட்டுமே. கேபிள் ஒரு வழிக்கு 6 டெசிபெல் இழக்கிறது என்றால் போகும்போதே நான்கில் மூன்று பங்கு வெப்பமாகிவிடுகிறது. எஞ்சியது திறந்த முனையில் மோதி, அப்படியே முழுதாகத் திரும்புகிறது. வரும் வழியில் அதிலும் நான்கில் மூன்று பங்கு போய்விடுகிறது. கடைசியில் மீட்டரை வந்தடைவது பதினாறில் ஒரு பங்கு. அதற்கு மீட்டர் காட்டும் எண் ஏறத்தாழ 1.7. கேபிள் 3 டெசிபெல் இழந்தால் கூட, ஆண்டெனா அறுந்து கிடக்கும்போது மீட்டர் மூன்றைத் தாண்டாது. கேபிள் கெடக் கெட எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகிக்கொண்டே போகும். "போன வருஷத்தைவிட இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருக்கிறது" என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால் எனக்கு உடனே கவலை வருகிறது.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். மேலே ஆண்டெனாவைக் கழற்றுங்கள். நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவரை அழைத்து, ரிக் பக்கத்து முனையில் கருவியை மாட்டி, நீங்கள் பயன்படுத்தும் அலைவரிசையில் ரிட்டர்ன் லாஸ் (போன ஆற்றலைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்பது) எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். அதில் பாதிதான் உங்கள் கேபிளின் ஒருவழி இழப்பு. கருவி இல்லையென்றால் கேபிளின் மேல்முனையில் வாட் மீட்டரையும், ஆண்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை உறிஞ்சும் டம்மி லோடையும் வைத்து, ரிக்கில் குறைந்த திறனில் அனுப்பி, எவ்வளவு வருகிறது என்று அளந்துவிடலாம். வாட் மீட்டரை ரிக்கின் பக்கம் வைத்து அளப்பது போதாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொரு மயக்கம் ட்யூனர், அதாவது ரிக்குக்கு ஏற்றபடி மின்மறுப்பைப் பொருத்தித் தரும் கருவி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோலை, அதே கோஆக்ஸியல் கேபிளோடு, ட்யூனரை வைத்து 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறவர்கள் பலர். அந்த அலைவரிசையில் டைபோலின் நடுவில் மின்மறுப்பு ஆயிரக்கணக்கான ஓம். கேபிளோ 50 ஓம். ட்யூனர் ரிக்கின் பக்கம் இருந்தால் அது ரிக்கைத்தான் சமாதானப்படுத்துகிறது. ட்யூனருக்கு அப்பால், கேபிளின் ஆண்டெனா முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். ஐம்பது, அறுபது என்று அப்படியே நிற்கிறது. அந்த நிலையில் 55 மீட்டர் ஆர்ஜி-58 வழியாக 100 வாட் அனுப்பினால், 5 வாட் கூட ஆண்டெனாவுக்குப் போவதில்லை. ரிக்கின் முகப்பில் 1:1 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆண்டெனாவின் அடியிலேயே பொருத்தம் செய்யுங்கள், அல்லது ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனி டைபோல் கட்டுங்கள், அல்லது கோஆக்ஸியலை விட்டுவிட்டு ஏணிக் கம்பிக்கு மாறுங்கள்.

ஏணிக் கம்பியை இந்தத் தலைமுறை மறந்துவிட்டது எனக்கு வருத்தம். 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பிகள் இரண்டை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக நிறுத்தினால் ஏறக்குறைய 600 ஓம் லைன் தயார். மேலே சொன்ன அதே டைபோலை இதன் வழியே 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால், எஸ்.டபிள்யூ.ஆர். அதிகமாக இருந்தும் மொத்த இழப்பு ஒரு டெசிபெலுக்குள் அடங்கிவிடும். இதற்குச் சமநிலை வெளியீடு உள்ள ட்யூனர் வேண்டும்; ரிக்கோடு வரும் உள்ளமைந்த ட்யூனர் போதாது. இரும்பை நெருங்கவும் கூடாது. நம் வளவுகளின் மேல் குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து போட்டிருக்கும் கம்பி வலை மீது இதைப் படுக்கவைத்தால் எல்லாப் பயனும் போய்விடும். ஓட்டுக்கூரைக்கு மேல் மரக்கட்டைத் தாங்கிகள் வைத்து, உலோகத்திலிருந்து இடைவெளி விட்டு இழுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த மருந்து செலவே இல்லாதது: ரிக்கை ஆண்டெனாவிடம் கொண்டுபோங்கள். அந்த ஆசிரியர் வீட்டில் கடைசியில் நடந்தது அதுதான். முகப்பு அறையில் வருகிறவர்கள் பார்க்கும்படி ரிக் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்றாம் கட்டில் பூட்டிக் கிடந்த சாமான் அறையை ஆச்சி திறந்துவிட்டார்கள். "ஐயா பேசுகிற சத்தம் முகப்பு வரைக்கும் கேட்காது, அதுவே நல்லது" என்றார்கள். கேபிள் 14 மீட்டராகச் சுருங்கியது. புதிய ஆர்ஜி-213 போட்டோம். 28 மெகாஹெர்ட்ஸில் அரை டெசிபெல் இழப்புதான். முன்பு ஆண்டெனாவுக்குப் போய்க்கொண்டிருந்த 25 வாட் இப்போது 89 ஆகிவிட்டது. லீனியருக்குக் கட்டிய முன்பணத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கேபிள் கெடுவது பெரும்பாலும் மேல்முனையில்தான். மொட்டைமாடிக் காற்றில் சரியாகச் சூடேறாமல் வைத்த ஈயப்பற்று, உறையில்லாத கனெக்டர், அதன் வழியே இறங்கும் மழைநீர். நீர் பின்னல் கம்பிக்குள் நுழைந்து மீட்டர்க்கணக்கில் பரவிவிடும். உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். அப்படிப்பட்ட கேபிளை வெட்டி ஒட்ட வேண்டாம், தூக்கிப் போடுங்கள். புதிய இணைப்பின் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். கேபிள் கீழிறங்கும் இடத்தில் ஒரு வளைவு விட்டால் நீர் அங்கே சொட்டிவிடும். அலுமினியக் குழாயில் செம்புக் கம்பியை நேரடியாக முடுக்காதீர்கள். ஈரம் பட்டதும் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். நடுவில் துருப்பிடிக்காத எஃகு வாஷர் வையுங்கள். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பை ஆராய்வது அதன் முதன்மையான பணிகளில் ஒன்று. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து அந்த ஆய்வகத்தை வரவழைத்த ஊரில், துருவேறிய இணைப்போடு வானலையில் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் பாலன் என்ற கருவியைப் பற்றி ஒரு சொல். கோஆக்ஸியலையும் டைபோலையும் நேராக இணைத்தால் கேபிளின் வெளிப்புறமும் ஆண்டெனாவாகிவிடும். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீரென்னும், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் கோடு ஓடும். 1:1 கரண்ட் பாலன் ஒன்று டைபோலின் நடுவில் இருந்தால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். லீனியர் வைத்த பிறகு பாலன் தேடுவதைவிட, அதற்கு முன்பே வைத்துவிடுவது அண்டை வீட்டாரோடு உறவைக் காக்கும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் லீனியர் வேண்டும் என்றால், தாராளமாக வாங்குங்கள். அது தருவதை மட்டும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 100 வாட்டை 400 ஆக்கினால் எதிர்முனையில் சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் ஏறுவது 6 டெசிபெல், அதாவது ஒரே ஒரு எஸ் அலகு. நலிந்த குரலை இரைச்சலுக்கு மேலே தூக்க அது சில நேரம் போதும். பல நேரம் போதாது. உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் திறன் வரம்பை முதலில் எடுத்துப் படியுங்கள். இணையத்தில் மலிவாக வரும் பெருக்கிப் பலகைகள் பலவற்றில் லோ-பாஸ் ஃபில்டர் இருப்பதில்லை. அதைச் சேர்க்காமல் அனுப்பினால் உங்கள் குரல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களிலும் போய் யாரையோ தொல்லைப்படுத்தும். ரிக்கின் உள் ட்யூனர் லீனியருக்குப் பின்னால் எந்தப் பயனும் தராது. லீனியருக்கு அப்பால் முழுத் திறனையும் தாங்கும் தனி ட்யூனர் வேண்டும். ரிக்கிலிருந்து லீனியருக்குள் போகும் டிரைவைக் கூட்டிக் கூட்டிக் கத்தவைத்தால் பக்கத்து அலைவரிசையெல்லாம் சிதறும்.

வீட்டு வயரிங்கையும் பாருங்கள். பல பெரிய வீடுகளில் பாதி அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. அங்குள்ள பழைய வயரின் உறை கையில் உதிர்கிறது, மூன்றாவது பின்னுக்கு எர்த்தே இல்லை. 400 வாட் வெளியிடும் லீனியர் மின்வாரிய லைனிலிருந்து 4, 5 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குப் பெட்டியிலிருந்து நேராக ஒரு தனி வயரும் உண்மையான எர்த்தும் போட்ட பிறகே சுவிட்சைத் தொடுங்கள். நம் செம்மண், செம்பாறை நிலம் கோடையில் காய்ந்து கட்டியாகிவிடும்; எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதைப் பங்குனியில் தொடங்கினால்தான் சரியாக இருக்கும். ரிக்குக்குத் தனி எர்த் போட்டால் அதை வீட்டு எர்த்தோடு தடித்த கம்பியால் கட்டாயம் இணையுங்கள். இடியும் மின்னலும் கூடும்போது, மழை தொடங்கும் முன்பே, கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மின்னல் பாதுகாப்புக்கு அரெஸ்டர் இருக்கிறது என்று அதை இணைத்தபடியே விடாதீர்கள். நேரடி இடியை எந்த அரெஸ்டரும் தடுக்காது.

டைபோலின் முனைகளில்தான் மின்னழுத்தம் உச்சம். மாடியில் வற்றலும் வடகமும் காயவைக்கும் இடத்தில், கைப்பிடிச் சுவரின் ஆணியில் அந்த முனையைக் கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 400 வாட் ஓடும்போது ஒரு பெண்ணோ குழந்தையோ அதைத் தொட்டால், தோலுக்கு அடியில் ஆழமாகச் சுட்டுவிடும். முனைகள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இன்றைக்கே ஏணி போட்டு மாற்றுங்கள்.

கடைசியாக, வால்வு லீனியர். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு வானொலி தேடிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் வானொலிப் பெட்டியின் 200 சொச்சம் வோல்ட் வேறு. 811ஏ வால்வின் ஆனோடில் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வோல்ட், 3-500இசட் வால்வில் மூவாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வடிக்கும் ரெசிஸ்டர் பழைய பெட்டியில் அறுந்திருக்கலாம். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும், எர்த்தோடு இணைத்த காப்புக் கோலால் ஆனோடைத் தொட்டுப் பார்க்காமல் உள்ளே கைவிடக் கூடாது. அந்தக் கோல் உங்களிடம் இல்லையென்றாலோ, அதைப் பிடித்துப் பழக்கமில்லையென்றாலோ, பெட்டியை இந்த வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மூடியைத் திறக்காமல் கொண்டுபோங்கள்.