தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய வண்டி

"ஏனுங்ணா, இந்த வண்டி பெட்ரோலத் தண்ணியாட்டக் குடிக்குதுங்க. பேசாம வித்துப் போட்றலாமுங்களா?"

தை மாதத்துக் காலை ஒன்றில், உடுமலை பழநிச் சாலையோரம் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பட்டுப்புழு விவசாயி ஒருவர் கேட்டது இது. 2014 மாடல், 800 சிசி சின்ன கார். வாங்கின புதிதில் லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்ததாம், இப்போது பன்னிரண்டு வந்தாலே பெரிது என்றார். கையில் ஒரு மஞ்சப்பை. அதை மேசையில் கவிழ்த்தார். மூன்று பழைய ஸ்பார்க் பிளக், ஒரு ஏர் ஃபில்டர், ஒரு ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளப்பது), இன்ஜெக்டர் கிளீனிங் செய்த பில். ஏழு மாதத்தில் மூன்று இடத்தில் பதினோராயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறார். மைலேஜ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்தப் பழைய பிளக்குகளை எடுத்துப் பார்த்தேன். நன்றாக எரிகிற இன்ஜினில் பிளக் முனை லேசான செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். இவை மூன்றும் ஒன்றுபோல அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன. பெட்ரோல் கூடுதலாக ஊற்றுகிறது என்பதற்கு அடையாளம். பிளக்கைக் கழற்றியவர் அந்த நிறத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் மீதி பில்லுக்கே வேலை இருந்திருக்காது. எனக்கு வருத்தம் அதுதான். பார்ட்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதை வைத்தியம் என்று நினைத்துவிட்டோம். அதற்குக் காசு கொடுப்பவர் பட்டுக்கூடு விற்ற காசில் வண்டி ஓட்டுகிறவர்.

வண்டியைத் திறப்பதற்கு முன் அவரிடம் கேட்டது கணக்கு. "பன்னெண்டுன்னு எப்படிங்க சொல்றீங்க?" "ஐநூறு ரூபாய்க்குப் போடுவனுங்க, லைட்டு மறுபடி எரியற வரைக்கும் ஓட்டுவனுங்க." இங்கே பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் பார்க்கிறார்கள். எரிபொருள் முள்ளும் அந்த லைட்டும் டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவையை நம்பியவை. வண்டி மேட்டில் நின்றால் ஒன்று காட்டும், பள்ளத்தில் நின்றால் ஒன்று காட்டும். அந்தக் கணக்கில் இரண்டு மூன்று கிலோமீட்டர் பிசகு சாதாரணம்.

சரியான வழி சுலபமானது. பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்புங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் திணிக்க வேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டுங்கள். திரும்ப அதே பங்க், முடிந்தால் அதே மிஷின், மறுபடி ஆட்டோ கட். ஓடிய கிலோமீட்டரை இந்த முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை பாருங்கள். அவர் செய்து வந்தார்: 246 கிலோமீட்டருக்கு 19.5 லிட்டர். 12.6. வண்டியில் கோளாறு இருப்பது உறுதியானது.

எல்லோருக்கும் அப்படி உறுதியாவதில்லை. கம்பெனி சொல்கிற மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்து வைத்த வேகக் கணக்குப்படி ஓட்டி எடுப்பது. அங்கே எதிர்க்காற்று இல்லை, தாராபுரம் ரோட்டு வேகத்தடை இல்லை, பின்சீட்டில் நான்கு மூட்டை இல்லை. தினம் இரண்டு கிலோமீட்டர் தூரப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓடுகிற வண்டி சூடேறுவதற்குள் நின்றுவிடும். அதற்கு மைலேஜ் குறைவது இயல்பு.

காற்று என்றதும் நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும் காற்று, அம்மியை நகர்த்தும் ஆடி வரை நம்மை விடாது. பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் நிற்பது அதற்காகத்தான். எழுபதில் பொள்ளாச்சி நோக்கிப் போகிறீர்கள், எதிரே முப்பது கிலோமீட்டர் வேகக் காற்று. வண்டியின் முகத்துக்கு அது நூறில் போவது மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எழுபதுக்கு இருந்த தடை நூறில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது பின்காற்று கொஞ்சம் ஈடு கட்டும், முழுசாகக் கட்டாது. ஆடியில் மைலேஜ் குறையுது என்று வருகிறவர்களிடம் ஆவணி போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இவர் வந்தது தையில். ஸ்கேனரைச் சொருகி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட்டின் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பார்த்தேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தது. ஆக, சென்சார் பொய் சொல்லவில்லை. பழநிச் சாலையில் இருபது நிமிடம் ஓட்டினோம். கூலன்ட் 58, 60, 62 டிகிரி. அதற்கு மேல் ஏறவே மறுத்தது. ரயில்வே கேட்டில் நின்றபோது 70-ஐத் தொட்டது, கேட் திறந்து கிளம்பியதும் திரும்ப அறுபது. இன்ஜின் கோளாறைச் சொல்லும் செக் லைட் எரியவில்லை. "நின்னா ரேஸ் கொஞ்சம் கூடவே நிக்குதுங்களே?" என்றேன், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டி. "ஆமாங், அது எப்பவுமே அப்படித்தானுங்" என்றார்.

இன்ஜின் தண்ணீர் 80-90 டிகிரியில் வேலை செய்வதற்கென்றே தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு இருக்கிறது. உள்ளே மெழுகு. தண்ணீர் குளிராக இருக்கும் வரை அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும். 82, 88 என்று அதற்கென்று வகுத்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். இவர் வண்டியில் வால்வு பழுதாகியிருக்கும் என்று நினைத்து ஹவுசிங்கைத் திறந்தேன். பழுதாவதற்கு அங்கே வால்வே இல்லை.

போன சித்திரையில் தாராபுரம் போகும் வழியில் வண்டி சூடாகி நின்றதாம். பக்கத்தில் இருந்தவர், "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். சூடானதன் உண்மையான காரணம், ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடும் ரிலே என்ற சுவிட்ச். அதையும் அன்றே மாற்றியிருக்கிறார்கள். கழற்றியது கழற்றியபடி போய்விட்டது. மைலேஜ் குறையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இந்தக் கதையை இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் இருக்கும் பெரிய கெட்ட பழக்கம் இது, சகதொழிலாளிகளிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

வெளியே வெயில் நாற்பது டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். சூடேறாத இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, உள்சுவரில் ஈரமாக ஒட்டும். அதனால் ஈ.சி.எம். (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) இன்னும் வண்டி சூடாகவில்லை என்று எண்ணிக்கொண்டு கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும், ரேஸையும் தூக்கி வைக்கும். ஆயில் கெட்டியாகவே இருந்து இழுவையைத் தின்னும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கும். பிளக் கறுத்ததும் இதனால்தான். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே பைபாஸில் சுற்றும். மலை ஏறும்போது அதனாலேயே சூடாகும்.

புது தெர்மோஸ்டாட் ஆயிரம் ரூபாய்க்குள். கூலன்ட் தனி. போட்டதும் கூலன்ட் 86-இல் போய் நின்றது, நின்றால் ரேஸும் தணிந்தது. அடுத்த டேங்க் கணக்கு: 232 கிலோமீட்டர், 16 லிட்டர். 14.5.

அவருக்குச் சந்தோஷம். எனக்குத் திருப்தியில்லை. எண்ணூறு சிசி வண்டிக்குப் பதினான்கரை குறைவு. அவரை ஊரிலிருந்து நேரே, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வரச் சொன்னேன். வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். (தொடாதீர்கள், சுடும்.) மூன்று லேசான வெதுவெதுப்பு. பின்பக்க இடது டிரம்மில் அனல் அடித்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் அரை சுற்றில் நின்றது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நாட்கணக்கில் நிறுத்துகிற வண்டி. கேபிள் உள்ளே துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் கேபிள் திரும்பாமல் நின்றிருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஏழு மாதம் ஓட்டியதற்குச் சமம். முன்பக்க டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பின்கள் காய்ந்து இறுகினாலும் இதே கதிதான். சமதரையில் வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு ஒரு கல்லை அடைகொடுத்து கியரில் விட்டால் போதும், நாட்கணக்கில் ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

கேபிள் மாற்றி, லைனிங்கைச் சுத்தம் செய்து, டயர் காற்றையும் சரி செய்தேன். காற்று அளவு டிரைவர் கதவு ஓரத்தில் ஸ்டிக்கரில் இருக்கும், காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பிடிக்க வேண்டும். அடுத்த டேங்க்: 258 கிலோமீட்டர், 15 லிட்டர். 17.2.

மீதி எங்கே போனது என்று கேட்டார். பெட்ரோலுக்குள்ளேயே போய்விட்டது. 2014-இல் பங்கில் வந்த பெட்ரோல் வேறு. இப்போது வருவதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், மொத்தத்தில் ஆறேழு சதவீதம் வரை சக்தி குறையும். பழைய வண்டியில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போல அதனாலேயே போகலாம். எந்த மெக்கானிக்கும் அதைத் திருப்பித் தர முடியாது. தருகிறேன் என்று பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டுகிறவரையும் பாட்டில் விற்கிறவரையும் நம்பாதீர்கள்.

மஞ்சப்பைக்குள் இருந்த மற்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது. கார்புரேட்டர் காலத்தில் ஏர் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடும், உண்மை. இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே எவ்வளவு காற்று வருகிறதோ அதற்குத் தக்கபடி ஈ.சி.எம். பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவைதான் போகும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. தென்னைநார் மில் தூசி பறக்கும் நம் பக்கத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்றுவது இன்ஜினின் ஆயுளுக்காக. ஆக்ஸிஜன் சென்சாரோ பல ஆயிரம் விலை. அது நன்றாக இருந்தால் சூடான இன்ஜினில் அதன் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஊசலாடும். ஊசலாடாமல் ஒரே இடத்தில் நிற்பதையோ சோம்பலாக அசைவதையோ ஸ்கேனரில் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். அவருடைய பழைய சென்சாரைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

இன்னொரு விஷயம், இது பெட்ரோலைவிடப் பெரியது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திம்பம் மலைச்சாலையின் இருபத்தேழு வளைவுகளிலும் அதே கதை. பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டி கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஈ.சி.எம். பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு. அதோடு இன்ஜின் பிடிப்பு போய்விடுவதால் வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்கும். லைனிங் காய்ந்து தீய்ந்த வாசம் வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. அப்படித் தப்பித்து வந்த வண்டிகளின் டிரம்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், அம்மா அப்பா குழந்தைகள் எல்லாம் அந்த வண்டிக்குள்தான் இருக்கிறார்கள்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் அவர். 12.6-க்கும் 17.2-க்கும் வித்தியாசம் மாதத்துக்கு இருபத்தொரு லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது கணக்கை அவரே போட்டுக்கொண்டார், வண்டியை விற்கும் பேச்சை விட்டுவிட்டார். இப்போது பால் சொசைட்டி நோட்டின் பின்பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வருகிறார். போன முறை ஆயில் மாற்ற வந்தபோது நீட்டினார். 17.0, 17.4, 16.9. கடைசி வரிக்குப் பக்கத்தில் "பின்சீட்டில் கூடு மூட்டை" என்று எழுதியிருந்தது.